குடுவையில் போட்ட ஒரு கரண்டி குளுக்கோஸ்

சேகர்,

உன் கல்யாணப் பத்திரிகை போன வாரம் தபாலில் வந்தது. நீ தங்கியிருக்கிற அறைக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் விழுப்புரம் ரயில் நிலையம் ஒன்றுதான். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம். ஆனாலும் என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். தபால்காரர் அதை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், ஊர்ல இருக்கிற புள்ளையே தபால்ல போட்டுக்கினு இருக்குது?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். உன் அம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். நான் வந்தாலும் வராவிட்டாலும் அவள் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரப்போகிறாள் என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது. நீ வீட்டைவிட்டுப் போன இந்த நான்கு மாதமாகச் சோறு போடட்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் அவள் என்னிடம் பேசுவதில்லை. வீட்டில் ரேடியோ மட்டும் பேசுகிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. முட்டி வலி, மூச்சிரைப்பு, மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப் போகிறது. பேனாவை வைத்துவிட்டு நீவி விட்டுக்கொண்டு மறுபடியும் எழுதுகிறேன். புத்தி சொல்லவும் இதை எழுதவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குப் போகிற மகனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது வழக்கம்தான். நடுவில் எங்காவது அப்படி ஏதாவது வந்து விழுந்தால் பொறுத்துக்கொள். நான் சொல்ல வந்தது வேறு. பன்னிரண்டு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம். உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அது கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

நீ அந்தப் பெண்ணை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. உன் அம்மா கேப்பை அடை சுட்டு, முருங்கைக் கீரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தாள். பெண் அடக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எந்த ஊர், யார் வீடு என்று நான் கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொன்னாள். "அம்மா பேரு ரோசம்மாங்க. இப்ப வளவனூர்ல இருக்காங்க. முன்ன திண்டிவனத்தாண்ட ஒரு பண்ணையில வேல செஞ்சாங்க. உங்களக்கூடத் தெரியும்னு சொன்னாங்க." மீதி அடையைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினேன். அவள் விடைபெற்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் காதில் விழட்டும் என்றே உன்னிடம் சொன்னேன். "பாட்டிலக்கூட ஒழுங்காக் கழுவத் தெரியலன்னு வேலைய உட்டுத் தொரத்துன பொம்பளையோட பொண்ணு. இவளயா வூட்டுக்குக் கூட்டியாந்த?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

போகும்போது நீ கேட்டாய்: "சாதிதானப்பா ஒனக்குப் பேஜாரு? அத்த நேரா சொல்லேன்." நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், சாதிதான். நான் கூட்டத்துக்குப் போய்க் கைதட்டியவன், தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, இனி எல்லாரும் சமம் என்று டீக்கடையில் பேசியவன். அந்த வாயால் சாதி என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் கைக்கு எட்டிய இன்னொரு காரணத்தை எடுத்து வீசினேன். அந்தக் காரணம் பொய். அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று போன வாரம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய், ஸ்டேஷனில் போட்டு வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போவேன். தனியார் பண்ணை, இப்போது அந்த இடத்தில் சவுக்கு நட்டிருக்கிறார்கள். பண்ணைக் காகிதத்தில் நிலக்கடலை என்று எழுதுகிற மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்குமே, அந்த முடிச்சில் வாழ்கிற பாக்டீரியாவை வளர்த்து, விதையோடு கலந்து விதைக்கக் கொடுப்பதற்காக அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள். அதில் மூன்றே பேர். பெங்களூரில் படித்துவிட்டு வந்த ஆபீசரம்மா. எட்டாவது தேறிய நான், அட்டெண்டர். பாக்டீரியாவுக்கு வேண்டிய சத்துத் தண்ணீரை அளந்து காய்ச்சி வைப்பது என் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவ ரோசம்மா. ஓமந்தூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து நடந்தே வருவாள். புருஷன் செத்துப்போய், ஒன்பது வயசுப் பெண்ணைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் விட்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளுக்கு 'சார்', அவள் எனக்கு 'இன்னாமே'. அதைப் பற்றி அப்போது நான் யோசித்தது கூட இல்லை.

மல்லாட்டை வேலை அதுபாட்டுக்கு நடக்கும். ஆபீசரம்மாவின் உயிர் இருந்தது இன்னொன்றில். நம் குடலில் சாதுவாக வாழ்கிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. அதற்குப் பால் சர்க்கரையைக் கொடுத்தால், அந்தச் சர்க்கரையை உடைக்கிறதற்கென்றே ஒரு என்சைமை உண்டாக்கிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் உண்டாக்காது. எவ்வளவு பால் சர்க்கரை போட்டால், எந்த நேரத்தில் போட்டால் அந்த என்சைம் ஜாஸ்தியாக வரும் என்று அவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்குள்ள ஒரு வேலை தூங்கிட்டிருக்கு. பால் சர்க்கரை போய் எழுப்புது. எழுந்தது இன்னும் அதிகமா வேலை செய்யணும்னா என்ன பண்ணணும், அதைத்தான் பார்க்கிறோம்" என்றார். 'பார்க்கிறோம்' என்று எங்களையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ரயில் தாமதமானால் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளை மிதிமிதி என்று மிதிப்பேன்.

என்சைம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேடிக்கை. குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து, டொலுவீன் என்கிற நெடியடிக்கிற திரவத்தை ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி, வெளிநாட்டிலிருந்து சின்னப் புட்டியில் வந்த ஒரு மருந்தின் கரைசலை ஊற்ற வேண்டும். என்சைம் இருந்தால் அது மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு என்சைம். நிறமில்லாத தண்ணீர் கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்போம். ரோசம்மா ஈரக் கையோடு எட்டிப் பார்த்து, "வந்துச்சும்மா, போன வாரத்துக்கு இது நல்லா கெட்டி மஞ்சளு!" என்று கத்துவாள். ஆபீசரம்மா சிரிப்பார். நானும் வீட்டுக்கு வந்து உனக்கு அந்தக் கதையைச் சொல்வேன். நீ படுத்துக்கொண்டே, "இன்னிக்கி எவ்ளோ மஞ்சளுப்பா?" என்று கேட்பாய். உன்னை இந்தப் படிப்புக்கு இழுத்துக்கொண்டு போனது அந்த மஞ்சள்தான் என்று நீயே உன் நண்பர்களிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கதையின் முடிவை மட்டும் நான் உனக்குச் சொன்னதில்லை.

மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து வேலையைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஆபீசரம்மாவுக்குப் பெரிய ஆய்வுக்கூடத்தில் இடம். பண்ணையிலும் அந்த வேலையைத் தொடர்ந்து நடத்துவார்கள், எனக்கும் ரோசம்மாவுக்கும் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. அதே மாதம்தான் உனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் நீ துணியைப் போலக் கிடந்தாய். எது கொடுத்தாலும் வாந்தி. கடைசியில் டாக்டர் குளுக்கோஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றச் சொன்னார். இரண்டாம் நாள் கண்ணைத் திறந்தாய், நான்காம் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கூழ் கேட்டாய். உன் அம்மா மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் குளுக்கோஸை நம்பினேன். விழுப்புரம் மருந்துக் கடையில் அது தீர்ந்துபோனதால், திண்டிவனத்தில் இறங்கியதும் ஒரு டப்பா வாங்கி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோக என் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன்.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள் காலையில் குடுவைகளைப் பார்த்த ஆபீசரம்மா, "கொஞ்சம் வெளிறித்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாக்டீரியா நன்றாகப் பெருகினால் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அது தெளிவாகவே இருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டிய மஞ்சள் அந்த வெளிறிய தண்ணீரிலேயே வந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் காய்ச்சியது சத்தில்லாமல் இருக்கிறது என்று பெரிய மனிதர் முன்னால் ஆகிவிடுமே என்று தோன்றியது. மறுநாளைக்கு ஆறு குடுவை புதிதாகத் தயார் பண்ணினேன். பால் சர்க்கரையை அளந்து போட்டேன். அப்புறம் என் பையைத் திறந்து, அந்த டப்பாவிலிருந்து குடுவைக்கு ஒரு கரண்டி, குவியலாகவே, குளுக்கோஸ் போட்டேன். நோயில் கிடந்த என் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்தது, இந்த அற்பப் பிராணிகளுக்கு ஆகாதா என்று நினைத்தேன். அளவில் கை வைக்காதே என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்பினால் செய்வது அதில் சேராது என்று எனக்கு ஒரு நினைப்பு.

காலையில் குடுவைகள் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தன. ஆபீசரம்மாவின் முகம் மலர்ந்தது. "என்ன, இன்னைக்கு உங்க கைராசி இப்படி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார். ஆபீசரம்மா வரிசையாகக் குழாய்களை வைத்து மருந்தை ஊற்றினார். நாங்கள் மூவரும் வழக்கம்போல நின்று பார்த்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி. நிறமே வரவில்லை. ஒரு குழாயில் மட்டும் ஏதோ இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு சாயல். அவர் புதிதாக மருந்து கரைத்து மறுபடியும் செய்தார். அவசரத்தில் ஒரு குழாய் விழுந்து உடைந்தது. பேராசிரியர் மரியாதையான மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் ஆபீசரம்மா என்னைத்தான் முதலில் கேட்டார். "இதுல குளுக்கோஸ் ஏதாவது கலந்துச்சா? குளுக்கோஸ் இருந்தா இது பால் சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது." நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இல்லீங்கம்மா. குளுக்கோஸு எதுக்குங்க போடப் போறேன்?" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் என்னை நம்பினார். நம்பியதால் வேறு காரணம் தேடினார். போன வாரம் அதே குடுவைகளில் வேறொரு சோதனைக்காகக் குளுக்கோஸ் வைத்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. சரியாகக் கழுவாமல் அடியில் தங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். ரோசம்மாவைக் கூப்பிட்டார். "பத்து தண்ணி ஊத்திக் கழுவுனேம்மா. எம்பொண்ணு மேல சத்தியமா பத்து தண்ணி" என்றாள் அவள். "அப்ப சர்க்கரை எங்கிருந்து வந்துச்சு? பறந்தா வந்துச்சு?" ரோசம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன்.

சுத்தமில்லாமல் வேலை செய்ததற்காக நீக்கப்படுகிறாள் என்று பண்ணை ஆபீசில் ஒரு காகிதம் அடித்துக் கொடுத்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். ஆம், நானேதான். ஆபீசரம்மா அந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, சில மாதத்தில் வடக்கே எங்கோ வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார். என்னை விதைக் கிடங்குக்கு மாற்றி நிரந்தரமாக்கினார்கள். வேலை போனால் உனக்கு மருந்து எங்கிருந்து வாங்குவது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் காய்ச்சலை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். உனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஆபீசரம்மா அப்படியொன்றும் கொடுமைக்காரரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருநாள் திட்டியிருப்பார், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் புதிதாகக் காய்ச்சச் சொல்லியிருப்பார். பேராசிரியருக்கும் விவரமாகக் கடிதம் எழுதியிருப்பார். மூன்று பேருடைய பிழைப்பும் பிழைத்திருக்கும். இதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ எம்.எஸ்ஸி. படிக்கும்போது லீவுக்கு வந்தாய். கூடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு எனக்கு விளக்கினாய். "பாருப்பா, இந்த ஜீன்தான் அந்த என்சைமச் செய்யச் சொல்லுது. இதும்மேல ஒரு பூட்டு. பால் சர்க்கர வந்தா பூட்டு தொறந்துக்கும், ஜீன் வேல செய்யும். ஆனா கூட குளுக்கோஸ் இருந்துச்சுன்னு வெச்சிக்கோ, அவ்ளோதான், சுலபமான தீனி கெடச்சிடுச்சுன்னு இத்தச் சீண்டாது." உன் முகத்தில் அன்று இருந்த பிரகாசத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "நீ பண்ணையில இதத்தானப்பா செஞ்சிக்கினு இருந்த? ஒரு தடவகூடக் குளுக்கோஸ் கலந்து பாக்கலயா?" என்று கேட்டாய். "மறந்து போச்சுடா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினேன். அதுவரை, என் கரண்டிதான் காரணமா என்று மூலையில் ஒரு சின்னச் சந்தேகத்தையாவது வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதையும் நீ சாக்பீஸால் அழித்துவிட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்து நான் அந்த விஷயத்தை வாயில் எடுத்தது, அந்தப் பெண் நம் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான்.

நீ பெங்களூரில் இதே வேலையைச் செய்யப் போகிறாய். ஒரு குறிப்பிட்ட ஜீனை எப்படி இன்னும் அதிகமாக வேலை வாங்குவது என்று குடுவைகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டப் போகிறாய். உன் கீழே ஒரு அட்டெண்டர் இருப்பான், கழுவ ஒரு அம்மாள் இருப்பாள். குடுவை நன்றாகக் கலங்கியிருக்கிறது என்று அவன் சந்தோஷப்பட்டு நின்றால், அவனிடம் உட்கார்ந்து பேசு; கலங்கலும் மஞ்சளும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் கழுவுகிற கையிலிருந்து ஆரம்பிக்காதே. பார், புத்தி சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும்.

பத்திரிகை வந்த மறுநாள் பஸ் ஏறி வளவனூர் போனேன். ரோசம்மா வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மில்லுக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நரைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார். இன்னா இப்டி எளச்சிப் பூட்டீங்க?" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுக்க டம்ளரை எடுத்தாள். தொட்டியடியில் போய்க் கழுவினாள். மறுபடி கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தடவை கழுவினாள். விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. டம்ளரை வாங்கி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

"ரோசம்மா, உங்களாண்ட ஒன்னு சொல்லணும்" என்றேன். அவளை 'உங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கி அந்தக் குடுவையில குளுக்கோஸ் போட்டது நான்தான்."

"தெரியும் சார்" என்றாள்.

மல்லாட்டையை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கரண்டிய நான்தான கழுவுனேன்? பிசுபிசுன்னு ஒட்டிக்கினு இருந்துச்சு. பால் சக்கர அப்டி இருக்காது. நாக்குல வெச்சிப் பாத்தேன். ஒங்க பையில டப்பா இருந்ததும் பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாங்களா? நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். பேப்பரு குடுத்த பெறவும் ரெண்டு நாளு கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தேனே, பாக்கலியா? வூட்ல புள்ள சொகமில்லாம கெடக்குது, மனுசன் கலங்கிப் போயிருக்காரு, ரெண்டு நாள்ல தெளிஞ்சி வந்து சொல்லிடுவாருன்னு நெனச்சேன். மூணாம் நாளு வாட்ச்மேன் வெரட்டிட்டான்."

அவள் கேட்டருகே நின்றதை நான் பார்த்தேன், சேகர். இரண்டு நாளும் பின்பக்க வேலிக்கு மேலாகச் சைக்கிளைத் தூக்கிப் போட்டு உள்ளே போனேன். அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதிக் கொடுக்கிறேன், கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னால் சொல்கிறேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒன்னும் வேணாம் சார். எம்பொண்ணு லீவு நாள்ல இங்க வருவா. நல்ல பொண்ணு, ஒரு வார்த்த எதுத்துப் பேசாது. ஆனா சோறு துன்றதுக்கு முன்ன, நான் கழுவி வெச்ச தட்டை எடுத்துக்கினு போய், எனக்குத் தெரியாம இன்னொருவாட்டி கழுவிக்கினு வருவா. சின்னதுல பள்ளிக்கூடத்துல புள்ளைங்க சொல்லிச் சொல்லிக் காட்டுச்சாம், ஒங்கம்மா அழுக்குன்னு வேலைய உட்டுத் தூக்குனாங்கன்னு. அப்ப ஆரம்பிச்சது. நானும் பாக்காத மாதிரி இருந்துடுவேன். நான் சொன்னா, பெத்தவ சொல்றான்னுதான் நெனைக்கும். நீங்க சொல்லுங்க. அது போதும்."

நேற்று மத்தியானம் ஸ்டெல்லா டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பிள்ளைகள் நடுவில் நின்றிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்களே" என்றாள். நான்கு மாதத்துக்கு முன்னால் அவளை அப்படிப் பேசியவனிடம் சொல்கிற வார்த்தையா அது? "சும்மா இப்டிப் போய்க்கினு இருந்தேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இத்தனை வயசாகியும் என் லட்சணம் இதுதான். ஒருத்தி முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு என் மேல் வருகிற கோபத்தை இரண்டு நாள் தள்ளி வை. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தபாலில் போடாமல் இந்தக் கடிதத்தை ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன், இன்றைக்கே ஸ்டெல்லாவிடம் கொடு. ஒரு வரி விடாமல் படிக்கச் சொல். நாளை ஞாயிற்றுக்கிழமை, அவள் வளவனூர் போவாளாம். அங்கே அவள் அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சோறு போடக் காத்திருப்பாள்.

உன் அப்பா